கியர்பாக்ஸுக்குப் பொட்டு வைத்தவள்

லாரிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. மெட்டி போட்ட பாதங்கள். பக்கத்தில் பித்தளைக் கிண்ணத்தில் குழைத்த சந்தனம், ஒரு எலுமிச்சம்பழம், குங்குமச் சிமிழ்.

அமாவாசைக் காலை. வெண்ணந்தூரில் எங்கள் வீட்டு வாசல். தெருவில் தறிச் சத்தம் தொடங்கிவிட்டிருந்தது. நான் வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தேன். மொபெட்டில் பால் கேனோடு போன பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டியை மெதுவாக்கி, அந்தப் பாதங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டி ரிப்பேருங்களா என்று கேட்டார். இல்லீங்க மாமா, பூசைங்க என்றேன். அவர் தலையை ஆட்டியபடி போய்விட்டார்.

அடியில் இருந்தது என் மனைவி தங்கமணி.

எங்கள் பக்கத்தில் அமாவாசைக்கு லாரிக்குப் பூசை போடாத வீடு கிடையாது. முன்கண்ணாடிக்குக் கீழே பட்டை, ஸ்டியரிங்குக்குப் பொட்டு, சக்கரத்துக்குப் பொட்டு, கற்பூரம், எலுமிச்சம்பழம் என்று அதற்கு ஒரு முறை உண்டு. தங்கமணி அதையெல்லாம் முடித்துவிட்டு, மக்காச்சோளச் சாக்கு ஒன்றைத் தரையில் விரித்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடுவாள். இன்ஜினுக்குப் பின்னால் தொங்கும் அந்த இரும்பு டப்பாவுக்கு, அதாவது கியர்பாக்ஸுக்கு, தனியாகப் பொட்டு வைக்க வேண்டும். தமிழ்நாட்டிலேயே கியர்பாக்ஸுக்குப் பொட்டு வைக்கும் ஒரே பெண்மணி என் மனைவியாகத்தான் இருப்பாள் என்று மெக்கானிக் சின்ராசு சொல்வார். அவர் கேலியாகச் சொல்கிறாரா மரியாதையாகச் சொல்கிறாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

போன வாரம் இதே பகுதியில், தீவன மில் வாசலில் லோடு இறக்கக் காத்திருந்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு வாழப்பாடியிலிருந்து ஒரு டீச்சர் போனில் பேசினார். லாரியைப் பற்றியே எழுதுகிறீர்களே, கியர், கியர் என்கிறீர்களே, அதற்குள் என்னதான் இருக்கிறது, அது ஏன் அடிக்கடி கெட்டுப்போகிறது என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் மனைவி ஒருமுறை கேட்ட அதே கேள்வி. அதனால் அவள் கேட்ட இடத்திலிருந்தே சொல்கிறேன்.

அவள் குணம்

அதற்கு முன் தங்கமணியின் குணத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அவள் எதையும் ஒருமுறை பார்த்து நம்புகிறவள் அல்ல. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் படுப்பாள், பிறகு எழுந்துபோய்த் தொட்டுப் பார்ப்பாள். பூட்டின பூட்டை இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொருமுறை இழுப்பாள்.

எங்கள் மகள் பிறந்த புதிதில் குழந்தை நன்றாகத் தூங்கினாலே இவளுக்குப் பயம் வந்துவிடும். விரலைக் கொண்டுபோய் அதன் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்ப்பாள். மூச்சு விரலில் பட்டதும் முகம் தெளியும். குழந்தை சிணுங்கி விழித்துக்கொள்ளும். பிறகு அதைத் தூங்கவைக்க வேண்டியது என் வேலை. இப்போது அந்தக் குழந்தை கோயமுத்தூரில் வேலை பார்க்கிறது. ராத்திரி போன் வராவிட்டால் அம்மாவுக்கு அதே பயம்தான்.

இப்படிப்பட்டவள் லாரிக்காரனைக் கட்டிக்கொண்டு இத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறாள். அதுவே பெரிய விஷயம்.

தொப்பூர் இறக்கம்

அவளுடைய சித்தி மகளுக்குத் தருமபுரியில் கல்யாணம். நான் கர்நாடகத்திலிருந்து மக்காச்சோள லோடு ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் எதற்கு இடிபட வேண்டும், கல்யாணம் முடிந்ததும் பைபாஸுக்கு வந்து நில், ஏற்றிக்கொள்கிறேன் என்று போனில் சொல்லியிருந்தேன். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் தாம்பூலப் பையோடு கேபினில் ஏறி உட்கார்ந்தாள். கேபின் முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. டீசல் வாசனையில் பழகின எனக்கு அது என்னவோபோல இருந்தது.

தருமபுரியிலிருந்து சேலம் வருகிறவர்களுக்குத் தொப்பூர் இறக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லோடு வண்டிக்காரர்கள் அங்கே வரும்போது பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரிலேயே இறங்கு என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இறக்கத்தில் வண்டியைப் பிரேக் மட்டும் பிடித்து நிறுத்திவிட முடியாது. சின்ன கியரில் போட்டுவிட்டால் சக்கரம் வேகமாக ஓடப் பார்க்கும்போது இன்ஜின் பின்னால் இழுத்துப் பிடிக்கும். பிரேக் அதற்குத் துணைதான்.

நானும் மூன்றாவது கியரில்தான் இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி இறக்கத்தில் லீவர் ஒரு துள்ளு துள்ளி, தானாக நியூட்ரலுக்கு வந்துவிட்டது.

இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்கியது. வெளியாட்களுக்கு அந்த அமைதி இதமாகக்கூட இருக்கும். இறக்கத்தில் டிரைவருக்கு அதன் அர்த்தம் வேறு. பின்னாலிருந்து லோடு தள்ளுகிறது, பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. பிரேக்கை மிதித்தேன். பிரேக் லைனர் தீயும் வாசனை வந்தது, மல்லிகை வாசனை போய்விட்டது.

கிளட்ச்சை மிதித்து, ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தி, மறுபடி மூன்றாவதில் தள்ளினேன். கரகரவென்று கத்திவிட்டு விழுந்தது. ஆனால் லீவர் கைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. விட்டால் மறுபடி துள்ளிவிடும் என்று தெரிந்துவிட்டது. முன்னால் வளைவு. ஸ்டியரிங்குக்கு இரண்டு கையும் வேண்டும்.

"தங்கமணி, இதப் புடி. அமுத்திப் புடி. உடாத."

ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. தாம்பூலப் பை காலடியில் விழுந்தது. இரண்டு கையாலும் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை டேஷ்போர்டில் ஊன்றி, பட்டுப்புடவையோடு அந்த இரும்புக் கம்பியை மல்லுக்கட்டிப் பிடித்தாள். இறக்கம் முடியும்வரை பிடித்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தேன். இருந்தாலும் அவள் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சமதரைக்கு வந்து, ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டேன். போதும் உடு என்றேன். அவளால் விட முடியவில்லை. விரல்கள் அப்படியே இறுகிப்போயிருந்தன. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். உள்ளங்கையில் லீவர் குமிழின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

அந்தத் தடத்தைத் தேய்த்துக்கொண்டே ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, இதுக்குள்ள என்னதானுங்க இருக்குது?"

டப்பாவுக்குள்

அதற்குப் பதில் சொன்னவர் சின்ராசு. நாமக்கல்லில் சேலம் ரோட்டில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே அவருடைய ஷெட். கியர்பாக்ஸ் வேலை மட்டும்தான் செய்வார். என்னைவிடச் சில வருடம் இளையவர். பேச்சு அதிகம், கை அதைவிட வேகம். வண்டியை விடப் போனபோது தங்கமணியும் கூடவே வந்துவிட்டாள். பெண்கள் யாரும் வராத ஷெட்டில் ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்துகொண்டு, பிரித்துக் காட்டுங்க தம்பி, நான் பாக்கோணும் என்றாள்.

அவர் டப்பாவை இறக்கி, டீசல் ஊற்றிச் சுத்தமாகக் கழுவி, மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு தண்டு, அதில் வரிசையாகப் பல்சக்கரங்கள். எல்லாம் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நின்றன.

விஷயம் இவ்வளவுதான். இன்ஜின் ஓடுகிற வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வண்டிக்கு ஒவ்வொரு நேரமும் ஒவ்வொரு தேவை. மேட்டில் வேகம் வேண்டாம், பலம் வேண்டும். தார் ரோட்டில் பலம் வேண்டாம், வேகம் வேண்டும். சின்னச் சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுற்றினால் வேகம் குறைந்து பலம் கூடும். மாற்றிப் போட்டால் பலம் குறைந்து வேகம் கூடும். அப்படி ஜோடி ஜோடியாகச் சக்கரங்களை வைத்திருக்கிறார்கள்.

நான் இத்தனை வருடம் ஓட்டியும் ஒன்று தெரியாமல்தான் இருந்தேன். லீவரைத் தள்ளும்போது சக்கரங்கள் போய் ஒன்றோடொன்று சேர்கின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. அவை எப்போதும் சேர்ந்தேதான் சுற்றுகின்றன. லீவர் நகர்த்துவது நடுவில் இருக்கும் ஒரு வளையத்தை. அது எந்தச் சக்கரத்தோடு போய்ப் பூட்டிக்கொள்கிறதோ அந்தச் சக்கரத்தின் பேச்சுதான் பின்சக்கரம்வரை போகும். மற்றவை சும்மா சுற்றும். சின்ராசு இதைக் கல்யாண வீட்டை வைத்துச் சொன்னார். எல்லாரும் ஓடியாடிக்கொண்டுதான் இருப்பார்கள், ஆனால் சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கிறதோ அவர் சொல்வதுதான் நடக்கும். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த தங்கமணிக்கு அது உடனே விளங்கியது.

வளையம் பூட்டிக்கொள்வதற்குச் சக்கரத்தின் பக்கவாட்டில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். புதிதில் அவை வெட்டினாற்போல இருக்கும். கிளட்ச்சை முழுதாக மிதிக்காமல் கியர் போட்டுப் போட்டு, லீவர்மேல் கையைச் சாய்த்து வைத்துக்கொண்டே ஓட்டி ஓட்டி, அந்தப் பற்கள் தேய்ந்து வழவழவென்று உருண்டுவிடும். அப்புறம் பிடி நிற்காது. எங்கள் வண்டி கைமாறி வந்த வண்டி. அதன் பழைய டிரைவர்கள் என்னென்ன செய்தார்களோ. மூன்றாவது கியரின் பற்களைத் தங்கமணி விரலால் தடவிப் பார்த்தாள். கூழாங்கல்லாட்டம் இருக்குதுங்க என்றாள்.

சின்ராசு புதுச் சக்கரமும் வளையமும் போட்டுக் கொடுத்தார். பழைய சக்கரத்தை அவள் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க இன்றும் அதைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறோம்.

அடுத்த அமாவாசையிலிருந்து அவள் வண்டிக்கு அடியில் போக ஆரம்பித்தாள்.

பிடித்து வைத்த பிள்ளையார்

படுத்துக்கொண்டு டப்பாவின் மேல்பக்கம்வரை கையை நீட்டினால் பார்க்க முடியாது, தடவத்தான் முடியும். தடவியதில் உச்சியில் ஒரு சின்னக் குமிழ் கைக்குத் தட்டுப்பட்டதாம். மஞ்சளில் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருக்குதுங்க என்று சந்தோஷமாகச் சொன்னாள். டப்பாவுக்கே ஒரு பிள்ளையார் இருக்கிறார் என்றால் அதைவிட வேறென்ன வேண்டும். சந்தனத்தை நன்றாகக் குழைத்து, அந்தக் குமிழைச் சுற்றி அப்பி, மேலே குங்குமம் வைப்பாள். நானும் பக்தியைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் டப்பாவிலிருந்து ஆயில் ஒழுக ஆரம்பித்தது.

கியர்பாக்ஸுக்குள் ஆயிலை அடித்து ஊற்ற பம்பு எதுவும் கிடையாது. பாதி ஆழத்துக்கு ஆயில் நிற்கும். சக்கரங்கள் அதில் முங்கி முங்கிச் சுற்றி மேலே வாரி இறைக்கும். அதுதான் அவற்றுக்குச் சாப்பாடு. ஆயில் குறைந்தால் பேரிங் சூடாகும், பல் பல்லைத் தின்னும். தண்டுகள் வெளியே வரும் இடத்தில் ஆயில் கசியாமலிருக்க ரப்பர் சீல் இருக்கும். எங்களுடையதில் அந்த சீல்தான் போயிருந்தது. சின்ராசு டப்பாவை இறக்கி, கழுவி, சீல் மாற்றிக் கொடுத்தார். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. பிறகு மறுபடி ஒழுகியது. மறுபடி இறக்கி, கழுவி, சீல் மாற்றினார். பட்ட காலிலே படும் என்பார்களே, அந்தக் கதைதான்.

டப்பா ஒழுக ஒழுகத் தங்கமணிக்குப் பக்தி கூடியது. அமாவாசைக்கு மட்டும் என்று இருந்தது வெள்ளிக்கிழமைக்கும் ஆனது. வாசலில் வண்டி நின்ற இடத்தில் கறுப்பாக ஆயில் திட்டு இருக்கும். கோலம் போட வருகிறவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். தொப்பூரில் தன் கையில் நடுங்கிய அந்த லீவர்தான் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். நான் லோடோடு போய்த் திரும்பும்வரை அவளுக்குச் சோறு இறங்காது என்று மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவளுடைய அண்ணனுக்கு நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. ராசியில்லாத வண்டி, விற்றுத் தொலையுங்கள், பண்ணையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மாப்பிள்ளை வந்து இருக்கட்டும் என்று அவர் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் எனக்குத் தெரிந்தது ரோடு ஒன்றுதான். கோழிகளுக்கு நடுவே என்னைக் கற்பனை செய்யவே முடியவில்லை.

ஒரு நாள் சாப்பாடு போடும்போது தங்கமணி சொன்னாள். குரல் உயரவில்லை, அதனாலேயே பயமாக இருந்தது.

"இன்னொருக்கா எண்ணெ ஒழுகுச்சுன்னா வண்டியக் குடுத்தரோணுங்க. எனக்குச் சத்தியம் பண்ணுங்க."

தட்டில் கை வைத்தபடி சரி என்று சொல்லிவிட்டேன். அவளுடைய உள்ளங்கைத் தடத்தை நான்தானே பார்த்தேன். வேறென்ன சொல்ல முடியும்?

சூடு ஆறாமல்

மழை ஓய்ந்த ஒரு நாள் மதியம். தீவன மில்லில் லோடு இறக்கிவிட்டு வெளியே வந்தால் கிளட்ச் வழுக்கியது. கீழே குனிந்து பார்த்தேன். டப்பாவின் வயிறு முழுக்க ஆயில், அதுதான் கிளட்ச்சிலும் ஏறியிருந்தது. எனக்கு மனம் விட்டுப்போயிற்று. வீட்டுக்குப் போனால் சத்தியம் இருக்கிறது. அதனால் வீட்டுக்குப் போகாமல் நேராக சின்ராசு ஷெட்டுக்கு ஓட்டினேன்.

வழக்கமாக, ராத்திரி இங்கேயே நிறுத்திட்டுப் போங்கண்ணா, ஆறட்டும், காலையில் பார்க்கிறேன் என்பார். சூடான டப்பாவில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அன்று அவருக்கு வேறு வேலை இல்லை. எவ்வளவு ஆயில் மிச்சம் இருக்கிறது என்று பார்க்கலாம் என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் போனார். பக்கவாட்டில் ஆயில் ஊற்றும் மூடியை லேசாகத் தளர்த்தினார்.

புஸ்ஸென்று சத்தம். பிரஷர் குக்கர் வெயிட்டைத் தூக்கினால் வருமே, அந்தச் சத்தம். ஆயில் அவர் சட்டையில் தெறித்தது.

அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கேபினைத் தூக்குங்கண்ணா என்றார். முன்பக்கம் கேபினைச் சாய்த்துவிட்டு மேலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு ஸ்குரூடிரைவரால் எதையோ சுரண்டினார். சிமெண்ட் மாதிரி இறுகிப்போன மஞ்சள் கட்டி ஒன்று பெயர்ந்து வந்தது. மூக்கருகில் வைத்துப் பார்த்தார், என்னிடம் நீட்டினார்.

"அண்ணா, இது சந்தனமுங்க."

அந்தக் குமிழ் பிள்ளையார் அல்ல. அதுதான் கியர்பாக்ஸின் மூக்கு. ஓடும்போது உள்ளே ஆயில் சூடாகும், காற்று விரியும். விரிந்த காற்று வெளியே போக உச்சியில் ஒரு சின்ன மூடி, அதற்கு அடியில் துளை. ஆறும்போது அதே வழியாகக் காற்று உள்ளே வரும். இரும்பு டப்பா என்றாலும் அதுவும் மூச்சு விட்டாக வேண்டும். மூக்கை அடைத்துவிட்டால் காற்று சும்மா இருக்குமா? ரப்பர் சீல்தான் இளைத்தவன், அவன் வழியாக ஆயிலையும் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஒவ்வொரு தடவையும் சின்ராசு டப்பாவை இறக்கியதும் டீசலில் தேய்த்துக் கழுவுவார். அழுக்கோடு அழுக்காகச் சந்தனமும் பெயர்ந்து போகும். மூக்கு திறந்துகொள்ளும். புது சீல்தான் நோயைத் தீர்த்தது என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். தங்கமணி மறுபடி பொட்டு வைப்பாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பது இதுதான்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டிமேல் தப்பில்லை, ராசிமேல் தப்பில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு முடிவதற்குள் வேறொன்று நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. என் உயிருக்காக அவள் மண்ணில் படுத்து வைத்த பொட்டு அது. அதுதான் டப்பாவைக் காயவைத்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாள்? கேஸை மூடினதையே நம்பாதவள், இனி தன் கையையே நம்ப மாட்டாள்.

சுத்தம் பண்ணிவிடு, ஒரு டியூபை மாட்டி மூக்கை உயரமாக வேறெங்காவது கொண்டுபோய்விடு, அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்று சின்ராசுவிடம் கெஞ்சினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"லீவரப் புடிச்சவங்க அவங்கதானுங்கண்ணா. அவங்களுக்குத் தெரியாம எதும் பண்ணப்படாது. வரச் சொல்லுங்க, நான் சொல்லிக்கறன்."

மூக்கும் நெற்றியும்

மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். முகம் ஏற்கனவே கனத்திருந்தது. சத்தியத்தை நான் மீறப் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பாள். ஷெட்டில் அதே பிளாஸ்டிக் சேர். அவள் உட்காரவில்லை.

சின்ராசு அவளைக் கேபினுக்கு அருகில் கூட்டிப்போய், சாய்ந்த கேபினுக்குக் கீழே எட்டிப் பார்க்கச் சொன்னார். இத்தனை நாள் தடவி மட்டுமே பார்த்ததை அவள் அன்றுதான் கண்ணால் பார்த்தாள். பாதி சுரண்டிய குமிழ், மிச்சச் சந்தனம், அதன்மேல் குங்குமக் கறை. இது மூச்சு விடும் வழி, அடைத்துக்கொண்டதால் ஆயில் வெளியே வருகிறது, வேறு ஒரு கோளாறும் இல்லை என்று நிதானமாகச் சொன்னார். யார் வைத்தது என்று அவர் கேட்கவே இல்லை.

அவள் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நானே உங்க மூச்சப் புடிச்சு வெச்சிருந்தனாக்குங்க?"

கண்ணில் தண்ணீர் நின்றது, அவளுக்கா எனக்கா என்று சொல்லத் தெரியவில்லை. பக்கத்துப் பட்டறையில் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

சின்ராசு ஒன்றும் நடக்காததுபோல உப்புத்தாளை எடுத்தார். டப்பாவின் பக்கவாட்டில், கீழே படுத்தால் கைக்கு எட்டுகிற இடத்தில், துருவையும் அழுக்கையும் வட்டமாகத் தேய்த்தார். ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இரும்பு பளபளவென்று வந்தது. துணியால் துடைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அக்கா, சாமி கும்புட்டதுல தப்பில்லீங்க. எடந்தான் மாறிப்போச்சு. நீங்க மூக்குல வெச்சுட்டு இருந்தீங்க. நெத்தி இங்க இருக்குதுங்க."

தங்கமணி ஒரு கணம் அவரைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். தொப்பூருக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். கைப்பையிலிருந்து குங்குமத்தை எடுத்து, அந்த வட்டத்தில் அங்கேயே ஒரு பொட்டு வைத்தாள்.

திரும்பும் வழியில், ராசிபுரம் தாண்டும்போது, சத்தியத்தைப் பற்றி நானே மெதுவாக எடுத்தேன்.

"இந்த ஒழுகல் கணக்குல சேராதுங்க" என்றாள்.

அவ்வளவுதான். வண்டி பிழைத்தது, நானும் கோழிகளிடமிருந்து பிழைத்தேன். அதன்பின் அந்த டப்பா ஒரு சொட்டு சிந்தியதில்லை.

சின்ராசுவுக்கு நான் கடமைப்பட்டவன். சீலை மாற்றித் தந்ததற்காக அல்ல, அது அவர் தொழில். என் மனைவியின் கையிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டி வந்தபோது, வெறுங்கையாக அனுப்பாமல் வேறொன்றைக் கொடுத்து அனுப்பினாரே, அதற்காக. மறைத்துவிடலாம் என்ற என் புத்தியைவிட அவர் புத்தி மேலானது. இதைப் படித்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பேசுவார், பேசட்டும்.

இன்றும் அமாவாசைக்கு அந்த மெட்டிக் கால்கள் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒரே ஒரு மாற்றம். பொட்டு வைப்பதற்கு முன் கையை மேலே நீட்டி அந்தக் குமிழைத் தடவுவாள். மண்ணோ சேறோ அடைத்திருந்தால் நகத்தால் எடுத்துவிடுவாள். மூக்கு தொறந்திருக்குதுங்க என்று அடியிலிருந்தே எனக்குக் குரல் கொடுப்பாள். பிறகுதான் நெற்றி.

போன அமாவாசைக்கு நான் விடியலில்தான் லோடு முடித்து வந்து சேர்ந்தேன். குளித்துச் சாப்பிட்டுப் படுத்தவன் மதியம்வரை தூங்கிவிட்டேன். மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே பாதி விழிப்பு வந்தது. சந்தன வாசனை அடித்தது. கண்ணைத் திறக்கவில்லை. மேல் உதட்டுக்கு அருகே ஒரு விரல் வந்து, தொடாமல் நின்றது.

அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் பலமாகவே மூச்சு விட்டேன்.